கோவில் பக்கமா, கடற்கரைப் பக்கமா

டெஸ்மனுக்கு விளங்காமல் போனது ஒரு கேள்வி. வீடு காட்ட வந்த வெள்ளைக்கார ஏஜென்ட் பெண் அதைச் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்.

பிளாக்ஹவுஸ் பேயில், கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறும் தெருவில் இருந்தது அந்த வாடகை வீடு. பலகை வீடு, மூன்று பக்கமும் வெயில் விழும். ஓக்லண்டில் ஆடி மாதம் நல்ல குளிர்காலம். டெஸ்மனின் மனைவி பிரியந்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தாள். அவன் மட்டும் உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தான், முகட்டை அண்ணாந்து பார்த்தான். ஒரு ஈரக்கறை இல்லை. வெளியே வந்தபோது ஏஜென்ட் கேட்டாள், எந்த நாடு என்று. இலங்கை என்றான். எந்த ஊர் என்றாள். மன்னார்க் கரையில் ஆழித்துறை என்றான். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அங்கே உங்கள் வீடு எந்தப் பக்கம்? இந்துக் கோவில் பக்கமா, கடற்கரைப் பக்கமா?"

ஓக்லண்டுக்கு வந்து நாலு வருசத்தில் ஒருவரும் அவனிடம் ஊர்ப் பெயரே கேட்டதில்லை. இந்தியாவா என்பார்கள், இல்லை என்றால் ஃபீஜியா என்பார்கள், அதோடு சரி. இந்தப் பெண்ணோ ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். டெஸ்மனுக்கு மனம் குளிர்ந்துபோனது. அவனோ எதையும் விளக்கிச் சொல்வதென்றால் சோறு தண்ணி மறப்பவன். புழுதி படிந்திருந்த தன் காரின் பொனட்டில் விரலால் கீறிக் காட்டினான். இது குடா. இது அந்தோனியார் தேவாலயம். இதோ இந்த வளைவில் எங்கள் வளவு, இதிலே அப்பாவின் வள்ளங்கள் நிற்கும், காற்றுத் திரும்பினால் இந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவோம். கடற்கரைப் பக்கம்தான், கடலோடு ஒட்டி.

அழகான இடமாக இருக்க வேண்டும் என்றாள் ஏஜென்ட். பிறகு கையிலிருந்த வீட்டுத் திறப்பைப் பைக்குள் போட்டாள். காலையில் வேறொரு குடும்பம் விண்ணப்பித்துவிட்டதாம், வீடு போன மாதிரித்தானாம், முதலே சொல்ல மறந்துவிட்டாளாம்.

வீடு கிடைக்காமல் போனது அவனுக்குப் புதிதல்ல. தொலைபேசியில் 'டெஸ்மன்' என்ற பெயரைக் கேட்டு வரச் சொல்லிவிட்டு, முகத்தைக் கண்டதும் வீடு போய்விட்டது என்று சொன்னவர்கள் முன்னும் உண்டு. அதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. ஆனால் இல்லை என்று சொல்லப் போகிறவள் எதற்காக ஊரின் பக்கம் கேட்டாள்? அதுதான் அவன் மண்டையைக் குடைந்தது.

அவர்கள் அப்போது இருந்தது மவுண்ட் ரொஸ்கிலில், ஒரு குஜராத்திக் குடும்பத்தின் பின்வளவுக் கராஜில். கார் நின்ற இடத்தில் கம்பளம் விரித்து, கதவை அடைத்துப் பலகை அறைந்து அறையாக்கியிருந்தார்கள். குளிருக்குக் கேஸ் ஹீட்டர். கேஸ் எரியும்போது சூட்டோடு சேர்ந்து நீராவியும் பிறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அடுப்பில் கேத்தல் கொதிக்கிற மாதிரித்தான். அந்த ஆவி போக வழியில்லாத அறையில் அது குளிர்ந்த சுவரில் போய்ப் படியும், படிந்த ஈரத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். ஹீட்டரைப் போட்டால் சுவர் அழும், போடாவிட்டால் பிள்ளை விறைக்கும். நாலு வயது சுதர்ஷிகாவுக்குக் குளிரோடு தொடங்கிய மூச்சிழுப்பு இன்னும் நிற்கவில்லை. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். எப்படி இருக்கிறது என்று தமிழில் கேட்டால் "ஐ'ம் ஓகே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி இழுக்கும். மருந்தின் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பதில் பயனில்லை, வீட்டை மாற்றுங்கள் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரியந்தி பூஞ்சணத்தை வினாகிரி போட்டுத் துடைப்பாள். அடுத்த கிழமை அது பழைய இடத்திலேயே நிற்கும்.

டெஸ்மனுக்கு வேலை மின்சார மீட்டர் வாசிப்பது. ஊரில் மின்சாரசபையில் இருந்தவன். இங்கே அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை என்றாலும் மீட்டர் மீட்டர்தான். அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் சொன்னவர் தவராசா அண்ணை. அவரும் மன்னார்ப் பக்கம்தான். எல்லர்ஸ்லியில் பெரிய கம்பனியில் மின்சார எஞ்சினியர், வீடும் அங்கேயே. தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் எழும்பிப் பேசுவார். வெள்ளையனுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே கறுப்பர்தான், ஊர்ப் பிரிவினைகளைப் பிளேனிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பார். டெஸ்மன் பலமாகக் கை தட்டுவான்.

மத்தியானத்தில் டெஸ்மனும் சியோனேயும் கடற்கரை வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சியோனே சமோவாக்காரன், தெருவின் மறுபக்க மீட்டர்களை வாசிப்பவன். அன்றைக்கு டெஸ்மன் இடிச்ச சம்பலும் பாணும் வைத்திருந்தான், சியோனே வாழையிலை நிறத்தில் வெந்த தாரோ என்கிற சேம்பிலையும் தகரத்து இறைச்சியும். டெஸ்மன் தன் புதிரைச் சொன்னான். சியோனே வாய்விட்டுச் சிரித்தான். கடற்கரைக்காரர் என்றால் எந்நேரமும் மீன் சமைப்பார்கள், கம்பளத்தில் மணம் ஏறும், அதுதான் அவளுக்குப் பயம் என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தானும் மனைவியும் அதே வீட்டைப் பார்க்கப் போனதைச் சொன்னான். அவர்களிடம் ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. கார்க் கதவைச் சாத்த முதலே வீடு போய்விட்டது என்றாளாம்.

"சமோவாவிலும் கடல் இருக்கிறது," என்றான் சியோனே. "எனக்கு மட்டும் அந்தப் பரீட்சை வைக்கவில்லை."

டெஸ்மன் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டான். மீன் மணம் என்றால் சியோனேயிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் வாசிப்புச் சுற்று அந்தத் தெருவுக்கே வந்தது. வாடகைப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். டெஸ்மன் பக்கவாட்டில் போய் மீட்டர்ப் பெட்டியைத் திறந்தான். கண்ணாடிக்குள் கிடையாக ஒரு அலுமினியத் தட்டு இருக்கும். மின்சாரம் ஓடினால் தட்டுச் சுற்றும், கூட ஓடினால் வேகமாகச் சுற்றும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் அது முழுக்க நிற்பதில்லை. ஆட்கள் வேலைக்குப் போனாலும் சுடுதண்ணிச் சிலிண்டர் எங்கே போகும்? அது ஆறி ஆறிச் சூடேறிக்கொண்டுதான் இருக்கும். இந்தத் தட்டோ செத்த மீனின் கண் மாதிரி நின்றது. எண்களும் போன வாசிப்பில் இருந்த அதே எண்கள். ஒருவரும் குடிவரவில்லை.

பெட்டியை மூடப் போனவன் மூடியின் உட்பக்கத்தைக் கண்டான். மூன்று விரலால் இழுத்த திருநீற்றுக் குறி, நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமப் பொட்டு. ஆயுத பூசைக்கு இயந்திரங்களுக்கு வைக்கிற பொட்டு. மின்சாரசபையில் ஒவ்வொரு வருசமும் ஸ்விட்ச்போர்டுக்கு வைத்ததைப் பார்த்தவன் அவன். மீட்டருக்கும் பொட்டு வைக்கிறவர் எங்கட ஆள் என்பது மட்டுமில்லை, மின்சாரத்தோடு பழகிய ஆளாகவும் இருக்க வேண்டும்.

குனிந்து வீட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். தூண்களுக்கு இடையில் ஒரு புல்வெட்டும் இயந்திரம். இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிறு பச்சை நிறத்தில் இருந்தது.

அந்தக் கயிறு அவன் போட்டதுதான். போன கோடையில் தவராசா அண்ணையின் இயந்திரத்துக் கயிறு அறுந்தபோது, தன்னிடம் இருந்த வலைக்கயிற்றை உள்ளே இருக்கிற சுருள்வில்லோடு சேர்த்துச் சுற்றிக் கொடுத்தான். அந்தச் சுருளை முறுக்கி விட்டபிறகுதான் கயிற்றைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்த கயிறு திரும்பி உள்ளே போகாது. கைபிடியில் அப்பா சொல்லிக்கொடுத்த வலை முடிச்சு. நுனியை நெருப்பில் உருக்கி அழுத்தியதில் பதிந்த அவனுடைய பெருவிரல் அடையாளம்கூட இருந்தது.

டெஸ்மனுக்குச் சந்தோசத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. தவராசா அண்ணையின் வீடு! அண்ணைக்குத் தெரியாமல் இந்த ஏஜென்ட், நிறத்தைப் பார்த்து ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு பிரியந்தியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு எல்லர்ஸ்லிக்குப் போனான். தவராசாவின் மனைவி புஷ்பவதி அக்கா வாசலிலேயே பிள்ளையைக் கொஞ்சினாள். கணகணப்பான வீடு. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சுதர்ஷிகாவின் மூச்சுச் சத்தம் தணிந்ததைப் பிரியந்தி கவனித்தாள். அக்கா வடையும் தேத்தண்ணியும் கொண்டு வந்தாள். வழக்கம்போல அவர்களுக்குப் பேப்பர் கப்பில். தவராசாவின் தேத்தண்ணி அவருடைய பீங்கான் கோப்பையில் இருந்தது.

"அண்ணை, பிளாக்ஹவுஸ் பேயில வீடொண்டு வாங்கினதைச் சொல்லவேயில்லை," என்றான் டெஸ்மன்.

தவராசா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "ஆர் சொன்னது?"

"உங்கட புல்லு வெட்டுற மெஷின் சொன்னது."

கயிற்றின் கதையை அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். திருநீற்றுக் குறியையும், நின்றுபோன தட்டையும், சுடுதண்ணிச் சிலிண்டரையும் விளக்கினான். தவராசா சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வடையை இரண்டாகப் பிட்டார், ஆனால் சாப்பிடவில்லை.

"வீடு போயிட்டுதெண்டு எங்களுக்குச் சொன்னவள், அண்ணை. போகேல்ல. சும்மா கிடக்குது. உங்களுக்குத்தான் நட்டம். ஆக்களின்ர நிறத்தைப் பாத்துத் துரத்துறாள்."

"அப்பிடியும் இருக்கும். இந்த வெள்ளையளை நம்பேலாது."

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். பிள்ளைக்கு இழுப்பு. டொக்டர் வீட்டை மாத்தச் சொல்லிப்போட்டார்."

"அது தம்பி, ஏஜென்டிட்டக் குடுத்தாப் பிறகு நாங்கள் தலையிடக் கூடாது. இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி. ஓனர் வாய் திறக்கேலாது."

புஷ்பவதி அக்கா பிரியந்தியின் பக்கம் திரும்பினாள். "அது பழைய வீடு, பிள்ளை. கூரையும் ஒழுகுது. உம்மட மகளுக்குச் சரிவராது. வேற நல்லதாப் பாருங்கோ. நாங்களும் விசாரிக்கிறம்."

இன்னொரு வடை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார்கள். புறப்படும்போது பிரியந்தி வழக்கம்போல கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கழுவப் போனாள். அதைக் குப்பையில் போடும் பிள்ளை, கழுவத் தேவையில்லை என்று அக்கா அவசரமாக வாங்கிக்கொண்டாள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிரியந்தி கேட்டாள்.

"கூரை ஒழுகுதோ?"

"இல்லையே. நான் ஒவ்வொரு அறையா முகட்டைப் பாத்தனான்."

"அப்ப ஏன் அக்கா அப்பிடிச் சொன்னவ?"

"தெரியேல்ல. ஒருவேளை வேற வீட்டை நினைச்சுச் சொல்லியிருப்பா."

"உங்களுக்கு ஆரையும் பிழையா நினைக்கத் தெரியாது," என்றாள் பிரியந்தி. அது பாராட்டில்லை. "அந்த வெள்ளைக்காரி கேட்ட கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கோ."

சொன்னான்.

"உங்கட சமோவாக்காரனிட்ட அதைக் கேக்கேல்ல, என்ன?"

"கேக்கேல்ல."

"ஸ்ரீலங்காக்காரரிட்ட மட்டும் கேக்கிற கேள்வி. ஒரு வெள்ளைக்காரிக்குக் கோவிலடி ஆக்கள் ஆர், கரையாக்கள் ஆர் எண்டு எப்பிடித் தெரியும்?"

டெஸ்மனின் கால் தன்னையறியாமல் அக்ஸிலரேட்டரில் இருந்து எழுந்துவிட்டது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. காருக்குள் பிள்ளையின் மூச்சு மறுபடி கீச்சிடத் தொடங்கியிருந்தது.

"இருக்காது," என்றான். "தவராசா அண்ணை அப்பிடி ஆளில்லை. சோதிச்சுப் பாக்காமல் சொல்லக் கூடாது."

"அப்ப சோதிப்பம்."

மறுநாள் பின்னேரம் கண்மணி அக்கா வீட்டுக்குப் போனார்கள். கண்மணி அவர்களுடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள், தனி ஆள், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. மீன்கடையில் மலிவாய் விற்கும் பெரிய மீன்தலைகளை வாங்கிப் புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வெள்ளையர் தலையை வெட்டி எறியும்வரைக்கும் எங்களுக்கு இந்த நாட்டில் பசி வராது என்பது அவளுடைய பேச்சு. சுதர்ஷிகாவை ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்திக் கம்பளியால் சுற்றிவிட்டாள். அது மின்சார ஹீட்டர். சுவர் உலர்ந்திருந்தது.

எப்படிச் சோதிப்பது என்பதை டெஸ்மன் விளக்கினான். மின்சாரத்தில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒரு கம்பியைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் விளக்கு எரிந்தாலும் எதனால் எரிந்தது என்று தெரியாது. ஆகவே இரண்டு பேர் பேச வேண்டும், பிரியந்தியும் கண்மணியும். இருவருமே இலங்கை, புருசனுக்கு நிரந்தர வேலை, ஒரு பிள்ளை, ஊர் மன்னார்ப் பக்கம். பெயரிலும் சமயம் தெரியக் கூடாது. பக்கம் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

"எனக்குப் புருசன் தந்ததுக்குத் தாங்க்ஸ்," என்றாள் கண்மணி. "நல்ல உத்தியோகமோ?"

"மீட்டர் வாசிக்கிறார்," என்றாள் பிரியந்தி.

"அப்ப வேண்டாம்."

கண்மணி முதலில் ஏஜென்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். பெயர் சொன்னாள், நாடு சொன்னாள். வீடு இன்னும் இருக்கிறது, சனிக்கிழமை வந்து பார்க்கலாம் என்றாள் ஏஜென்ட். பிறகு ஊர் கேட்டாள். பிறகு அந்தக் கேள்வி. கண்மணி புருவத்தை உயர்த்தி மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே, கடற்கரைப் பக்கம் என்றாள். அந்தப் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம். ஓ, மன்னிக்க வேண்டும், இப்போதுதான் பார்க்கிறேன், அந்த வீடு போய்விட்டது.

கண்மணி ரிசீவரை வைத்தாள். "நல்ல மரியாதையாத்தான் சொன்னவள்," என்றாள்.

கொஞ்சம் பொறுத்துப் பிரியந்தி எடுத்தாள். மிஸிஸ் செல்வரத்தினம் என்றாள். அது அவளுடைய அப்பாவின் பெயர்தான். அதே பேச்சு, அதே ஒழுங்கு, அதே கேள்வி. பிரியந்தி கண்ணை மூடிக்கொண்டு, கோவில் பக்கம் என்றாள்.

ரிசீவருக்குள் இருந்து வந்த குரலின் உற்சாகம் பக்கத்தில் நின்ற டெஸ்மனுக்கே கேட்டது. அருமை, அருமை. சனிக்கிழமை காலை வாருங்கள். சொந்தக்காரரும் புல் வெட்ட வருவார், நேரிலேயே சந்திக்கலாம். அவரும் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். தன் ஊர் ஆட்கள் என்றால் பக்கம் கேட்டு வைக்கச் சொன்னவரே அவர்தான், ஊர்ப் பாசம் எவ்வளவு பாருங்கள். மிகவும் சந்தோசப்படுவார்.

பிரியந்தி நன்றி சொல்லி வைத்தாள். மீன்குழம்பு அடுப்பில் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை.

டெஸ்மன் கதிரையில் இருந்துவிட்டான். முகத்தில் அடித்தால்கூட அடித்த கையைத் தெரியும். இது தவராசா அண்ணையின் கை என்று நம்ப அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை. காரின் பொனட்டில் தான் ஆசையாகக் கீறிய குடாவும், தேவாலயமும், அப்பாவின் வள்ளங்களும் கண்ணுக்குள் வந்து நின்றன. தன்னைத் தானே காட்டிக் கொடுத்திருக்கிறான்.

"என்ர கையால முடிஞ்ச கயிறு," என்றான். "அதை இழுத்துத்தானே அந்தாள் புல்லு வெட்டுது."

"எத்தினை தரம் அந்த வீட்டுக்குப் போயிருப்பம்?" என்றாள் பிரியந்தி. "ஒரு நாளாவது கோப்பையில தந்தவையோ? கழுவுற வேலையை எனக்கு மிச்சம் பிடிக்கிறா எண்டு நான் சந்தோசப்பட்டனான். ஊரில கோவிலடி ஆக்கள் உங்கட அப்பாவுக்குத் தேத்தண்ணியைச் சிரட்டையில குடுத்தவை. எங்களுக்குப் பேப்பர் கப்."

டெஸ்மன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது தோன்றவேயில்லை. பேப்பர் கப் இந்த நாட்டு நாகரிகம் என்று நினைத்திருந்தான்.

கண்மணி எழும்பி அடுப்பை நிற்பாட்டினாள். முன்னறையில் கிடந்த தையல் மெஷினையும் துணிப் பெட்டிகளையும் இழுத்து ஒரு மூலையில் ஒதுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, குளிர் முடியும்வரைக்கும் மூன்று பேரும் இங்கேதான் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பிள்ளை கம்பளிக்குள் வாயைத் திறந்து நித்திரையாகியிருந்தது. இழுப்புச் சத்தம் இல்லை.

மறுநாள் மத்தியானம் கடற்கரை வாங்கில் டெஸ்மன் சியோனேயிடம் எல்லாவற்றையும் சொன்னான். எதையும் ஆசையாக விளக்குகிறவன் அன்றைக்குச் சொல்லுக்குச் சொல் நின்று நின்றுதான் சொன்னான். சியோனேக்கு ஒன்று விளங்கவில்லை. அப்படியானால் தன்னிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை?

உன்னிடம் கேட்கத் தேவையில்லை என்றான் டெஸ்மன். நீ வேண்டாத ஆள் என்பது அவளுக்கு உன் முகத்திலேயே தெரியும். எங்களுடைய முகங்களில் யார் எந்தச் சாதி என்று ஒரு வெள்ளைக்காரிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஊரில் கோவிலைச் சுற்றி அவருடைய உயர்சாதிக்காரர், கடற்கரையில் மீன்பிடிக்கிற நாங்கள். அதனால் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து வைத்திருக்கிறார். கடற்கரைப் பக்கம் என்றால் வீடு போய்விட்டது. கோவில் பக்கம் என்றால் சனிக்கிழமை வரலாம்.